டிஸ்க் பிரேக் சூடு: மலை இறக்கத்துக்குச் சைக்கிளைக் கொண்டுபோகும் முன்

சிங்கப்பூரில் ஓடும் சைக்கிளுக்கு நல்ல பிரேக் இருக்கிறதா என்பது சிங்கப்பூரில் தெரியவராது. இங்கே இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, வெறும் 164 மீட்டர். மவுண்ட் ஃபேபர் உச்சியிலிருந்து தெலுக் பிளாங்கா பக்கம் விட்டால், 100 மீட்டர் இறங்குவதற்குள் போக்குவரத்து விளக்கு வந்துவிடும். சவுத் புவன விஸ்தா சாலை வளைந்து வளைந்து போனாலும் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு) சூடாகத் தொடங்கும்போது இறக்கம் முடிந்திருக்கும். இதே சைக்கிளை வேனில் ஏற்றிக் கடற்பாலம் தாண்டி ஜொகூரின் குனோங் பூலாய்க்கோ, இன்னும் வடக்கே கெந்திங்குக்கோ கொண்டுபோகிறோம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பெட்டியில் கட்டிக்கொண்டுபோய்க் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் இறங்குகிறோம். வருடக்கணக்கில் ஈஸ்ட் கோஸ்டில் எந்தக் குறையும் காட்டாத பிரேக், தன் முழுக் குணத்தையும் அங்கேதான் காட்டும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அறிந்த விதி ஒன்று உண்டு: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்த வசதி கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் தன்பாட்டுக்குச் சுழலும். எந்தக் கியரில் இருந்தாலும் ஒன்றுதான். இறக்கத்தில் நம்மைத் தடுப்பவை மூன்றே: டயரின் உருளல் தடை, எதிர்க்காற்று, பிரேக். டயர் எடுத்துக்கொள்வது அற்பம். ஆகவே காற்று எடுத்துக்கொள்ளாத சக்தி அத்தனையும் ரோட்டருக்குத்தான் போகிறது. காற்றுக்கு எவ்வளவு, ரோட்டருக்கு எவ்வளவு என்ற இந்தப் பங்கீட்டை முடிவு செய்வது பிரேக்கின் விலை அல்ல, லீவரைப் பிடிக்கிற கை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் தண்ணீர்ப் புட்டியும் சேர்த்து 85 கிலோ. சரிவு 8 சதவீதம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கினால், புவியீர்ப்பு ஒவ்வொரு விநாடியும் சுமார் 550 ஜூல் தருகிறது, அதாவது 550 வாட். காற்று அதில் 140 வாட் எடுத்துக்கொள்ளும்; டயர் 35 வாட். மீதம் 380 வாட் பிரேக்குக்கு. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்க இந்த வேகத்தில் 25 நிமிடம் ஆகும். மொத்தமாக ரோட்டர்களில் இறங்கும் சூடு, அறைவெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதை வாங்கிக்கொள்ள இருப்பவை இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள். 160 மி.மீ. ரோட்டர் ஒன்று ஏறக்குறைய 110 கிராம். அந்த எடையுள்ள எஃகைச் சூடாக்க ஒரு டிகிரிக்கு 55 ஜூல் போதும். இரண்டு பிரேக்கும் சரிபாதியாக வேலை செய்தால், தொடக்கத்தில் விநாடிக்கு மூன்றரை டிகிரி ஏறும். ஒரு நிமிடம் விடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். காற்று குளிர்விப்பதால் அந்த எண்ணிக்கையை எட்டாது என்றாலும் 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பின்பிரேக்கை மட்டும் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே சூடு முழுவதும் ஒரே ரோட்டரில் இறங்குகிறது. பல ரோடு சைக்கிள்களில் பின்னால் இருப்பது 140 மி.மீ. ரோட்டர், இருப்பதிலேயே சிறியது. முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பின்பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வருகிறவர்களின் பிரேக்தான் முதலில் கைவிடும். இறக்கத்தில் உடல் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. அது சறுக்கவும் செய்யும்.

எந்த வேகம் மோசமான வேகம்?

மெதுவாகப் போனால் பிரேக்குக்கு நல்லது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அதே 85 கிலோ, அதே 8 சதவீதச் சரிவு. 15 கி.மீ. வேகத்தில் பிரேக்குக்குப் போவது 240 வாட். 30 கி.மீ. வேகத்தில் 380. வேகம் இன்னும் கூடினால் சூடும் கூடும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்க 220 வாட்தான் தேவை. காற்றுத் தடைக்குப் போகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது, 50 கி.மீ. வேகத்தில் காற்றே 640 வாட் விழுங்கிவிடுகிறது. 58 கி.மீ. வேகத்தை எட்டினால் பிரேக்கே தேவையில்லை, வேகம் அதற்குமேல் ஏறாது. பிரேக்குக்கு ஆக மோசமான வேகம் இந்தச் சரிவில் மணிக்கு 33 கி.மீ. சுமார். பயமும் இல்லாமல் பரபரப்பும் இல்லாமல் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே நம்மில் பலர் இறங்கும் வேகம் ஏறத்தாழ அதுவேதான்.

எடை கூடினால் நிலைமை எடையைவிட வேகமாகக் கெடும். மொத்தம் 85 கிலோவுக்கு உச்சகட்டச் சூடு 385 வாட் என்றால், 110 கிலோவுக்கு 570 வாட். எடை 30 சதவீதம் கூட, சூடு 47 சதவீதம் கூடுகிறது. சரிவும் அப்படியே: 8 சதவீதம் 12 ஆனால் உச்சகட்டச் சூடு 385 வாட்டிலிருந்து 730 வாட்டுக்குத் தாவும். கனமான ஆள், பைகள் கட்டிய சைக்கிள், குழந்தை இருக்கை வைத்த சைக்கிள் ஆகியவற்றுக்கு மற்றவர்களின் அனுபவம் அளவுகோல் ஆகாது. அறுபது கிலோ நண்பர் 140 மி.மீ. ரோட்டரில் ஒன்றும் ஆகாமல் இறங்கினார் என்றால், அது அவருடைய எடைக்குக் கிடைத்த சான்றிதழ் மட்டுமே.

சின்னச் சக்கரம் உள்ள மடக்கு சைக்கிள்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சக்கரம் சிறிதானால் அதே லீவர் அழுத்தத்துக்கு அதிக பிடிப்பு கிடைக்கும். ஆனால் சூடு குறையாது. இறங்கும் உயரமும் எடையும் அதேதான், ரோட்டரின் எடையும் அதேதான்.

லீவரை எப்படிப் பிடிப்பது

நேரான பாதையில் லீவரை முழுதாக விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாக, குறுகிய நேரம் பிடியுங்கள். வேகம் வேண்டிய அளவுக்கு இறங்கியதும் மறுபடி முழுதாக விடுங்கள். விரல் லீவரின் மேல் இருக்கலாம். ரோட்டரை இருபுறமும் கவ்வும் உராய்வுக் கட்டையான பேட், ரோட்டரின் மேல் இருக்கக் கூடாது.

இப்படிச் செய்தால் ரோட்டர் சட்டென்று சூடாகும் என்பது உண்மைதான். 60 கி.மீ. வேகத்திலிருந்து 25 கி.மீ. வேகத்துக்கு இறக்கினால் 9.8 கிலோஜூல் வெளியேற வேண்டும். முன்பிரேக் அதில் 70 சதவீதம் வாங்கிக்கொண்டால், அந்த ரோட்டர் ஒரே பிடியில் ஏறத்தாழ 125 டிகிரி ஏறும். பார்க்கப் பயமாக இருக்கும் எண்தான். ஆனால் அதன்பின் வரும் நேரான பாதையில் பேட் விலகி நிற்கிறது, ரோட்டரின் இரண்டு பக்கத்திலும் காற்று வேகமாக அடிக்கிறது. சூடு ரோட்டரிலேயே நின்று காற்றில் கரைகிறது; பேட் வழியாக, அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிஸ்டனைத் தள்ளும் ஆயிலுக்கும் ஊடுருவ அதற்கு நேரம் கிடைப்பதில்லை. லேசாகத் தொட்டபடியே வரும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. ரோட்டர் மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கிறது. பேட்டும், பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரும் அதே சூட்டில் வெந்துகொண்டே இருக்கின்றன.

இன்னொரு காரணம் லீவருக்குள்ளே இருக்கிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கின் லீவரில் சிறு ஆயில் தொட்டி ஒன்று உண்டு. லீவரை விட்டிருக்கும்போது தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள துளை திறந்திருக்கும். பிடித்தவுடன் லீவருக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து அந்தத் துளையை அடைத்துவிடும். சூடான ஆயில் விரிவடையும். லீவரை விடாமல் பிடித்திருந்தால் விரிந்த ஆயில் தொட்டிக்குத் திரும்ப வழியின்றிப் பேட்டையே மேலும் தள்ளும். லீவரைச் சற்றே இழுத்ததும் பிரேக் கடிக்கத் தொடங்கும், ரோட்டர் உரசும், அந்த உரசல் இன்னும் சூடாக்கும். ஒரு நொடி முழுதாக விட்டால் துளை திறந்து எல்லாம் சமநிலைக்கு வந்துவிடும்.

முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்தால் சூடு குறையும் என்றொரு யோசனை பல காலமாகச் சொல்லப்படுகிறது. அதில் நான் கண்ட பலன் குறைவு. ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றொன்று முழுச் சுமையையும் தாங்குகிறது. சராசரிச் சூடு மாறாது. ஆயில் துளை அவ்வப்போது திறக்கிறது என்பது மட்டுமே லாபம். அதற்காக முன்பிரேக்கின் பலத்தைப் பாதி நேரம் இழப்பது நல்ல பேரம் அல்ல.

உடம்பும் ஒரு பிரேக்தான். கீழே குனிந்திருப்பதை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கைகளையும் முழங்கால்களையும் அகட்டினால், 50 கி.மீ. வேகத்தில் காற்று கூடுதலாக 150 வாட்டுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். காசு செலவில்லாத குளிர்விப்பு. நேரான பாதையில் வேகம் கை மீறப்போகிறது என்று தோன்றினால் முதலில் நெஞ்சை நிமிர்த்துங்கள், லீவர் அதற்கடுத்து.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் பனிமூட்டத்திலும் லாரிகளுக்கு நடுவிலும் வேகம் எடுக்க வேண்டாம். சாலை தெரியவில்லை, ஈரமாக இருக்கிறது, முன்னால் பேருந்து ஊர்கிறது என்றால் மெதுவாகத்தான் போக வேண்டும். அப்போது பிரேக் சூடாகத்தான் செய்யும். அதற்குத் தீர்வு நிறுத்துவது. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதுகாப்பான ஓரம் பார்த்து நின்று ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். நிற்கும்போது லீவரைப் பிடித்தபடி நிற்காதீர்கள். காற்றோட்டம் நின்ற நிலையில் சூடான ரோட்டரைப் பேட் கவ்விக்கொண்டிருந்தால், ரோட்டரில் இருந்த சூடெல்லாம் காலிப்பருக்குள் இறங்கும். ஓடும்போது கொதிக்காத ஆயில் நின்ற பிறகு கொதிப்பது இப்படித்தான். தரையில் கால் ஊன்றி, சைக்கிளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் புட்டியை ரோட்டரில் கவிழ்க்கவும் வேண்டாம்; ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் தகடு கோணிக்கொள்ளும். விரலால் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். தோல் ஒட்டிக்கொள்ளும், விரலின் எண்ணெய்ப் பசை ரோட்டரிலும் ஒட்டும்.

பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை

இரண்டையும் கை மூலமே பிரித்தறியலாம். பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் செய்ய வேண்டியது வேறு வேறு.

முதல் வகையில் லீவர் கல்லாக நிற்கும், ஆனால் சைக்கிள் நிற்காது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறைவது மந்தமாகவே இருக்கும். இது பேட்டின் பிரச்சினை. பேட்டில் துகள்களை ஒட்டி வைத்திருக்கும் பிசின் அளவுமீறிச் சூடாகும்போது ஆவி விடுகிறது, உராய்வுத் தன்மை சரிகிறது. கருகிய வாடை வரும். ஆறியதும் பெரும்பாலும் மீண்டு வந்துவிடும். மேற்பரப்பு வழுவழுவென்று பளபளத்துப்போயிருந்தால் மீளாது. பேட்டைக் கழற்றி, சமதளமான பரப்பில் 120 எண் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்துப் பளபளப்பு போகும்வரை எடுத்து, மறுபடி பழக்க வேண்டும் (முறை கீழே). ஆயில் ஊறிய பேட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதைத் தூக்கிப்போடுங்கள்.

இரண்டாம் வகையில் லீவர் பஞ்சாக மாறி ஹேண்டில்பார் வரை வந்துவிடும். இது ஆயில் கொதித்ததன் அடையாளம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் விரலின் பலமெல்லாம் ஆவிக் குமிழ்களை நசுக்குவதில் செலவாகிறது. வேகமாக இரண்டு மூன்று முறை லீவரை அடித்தால் ஓரளவு பிடிப்பு திரும்பலாம். அதை வைத்துக்கொண்டு சைக்கிளை நிறுத்துங்கள், இறக்கத்தைத் தொடராதீர்கள். ஆறிய பிறகு லீவர் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். நம்பக் கூடாது. ஒருமுறை கொதித்த ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் இந்த இரண்டாம் வகை கிடையாது, கொதிக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் பேட் தேயத் தேய லீவர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஹைட்ராலிக் மாதிரி அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. நீண்ட இறக்கத்தின் நடுவே நின்று பேட் திருகைக் கையால் திருப்பிச் சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயில்: நம் ஊர் ஈரப்பதம் செய்யும் வேலை

பிரேக் ஆயிலில் இரண்டு குடும்பங்கள். பிரேக் நிறுவனங்களில் ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில் பயன்படுத்துகின்றன. ஹோப்பும் ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளும் டாட் (DOT) வகைத் திரவம். ஸ்ராமின் சில புதிய மாடல்களில் மட்டும் மினரல் ஆயில். லீவரின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும், பிரேக் முழுதாக வீண். டாட் 5 என்பது சிலிகோன் வகை, 5.1 கேட்கும் பிரேக்கில் அதையும் ஊற்றக் கூடாது.

டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 5.1 குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு அந்த வரம்பு 180 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230 டிகிரி 155 ஆகிறது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் வருடம் முழுக்க 80 சதவீதத்துக்கு மேல். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் மழைச்சாரலில் நிற்கும் சைக்கிளின் டாட் திரவத்தை வருடம் ஒருமுறை மாற்றுவதே சரி. மூடி திறந்து ஒரு வருடமான புட்டியிலிருந்து ஊற்றுவது பயனில்லாத வேலை. உள்ளே இருப்பதும் ஈரம் குடித்ததுதான். சிறிய புட்டியாக வாங்குங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், அரித்துவிடும்.

மினரல் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் அது பாதுகாப்பு என்று எண்ணுவதில் பாதிதான் உண்மை. உள்ளே நுழைந்த தண்ணீர் கரையாமல் தனித் துளியாக இருக்கும். ஆயிலைவிடக் கனம் என்பதால் அது போய்ச் சேருவது அடியில் இருக்கும் காலிப்பர், அதாவது ஆகச் சூடான இடம். அந்தத் துளி 100 டிகிரியிலேயே ஆவியாகும். எனவே மினரல் ஆயில் பிரேக்கிலும் மலைப் பயணத்துக்கு முன் ஒருமுறை புது ஆயில் ஏற்றிவிடுவது நல்லது.

ஆயில் மாற்றும்போது நடக்கும் தவறுகளில் நான் மிகவும் கவலைப்படுவது தொட்டியை அளவுக்கு மீறி நிரப்புவதுதான். தேய்ந்த பேட்டோடு, பிஸ்டன்கள் வெளியே நீண்டிருக்கும் நிலையில் ஆயில் நிரப்புகிறார்கள். பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறார்கள். தொட்டியில் விரிவடைய இடமே மிஞ்சுவதில்லை. சமதளத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மலையில் ஆயில் சூடாகி விரிந்ததும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சரியான முறை இது: சக்கரத்தையும் பேட்டையும் கழற்றுங்கள், பிஸ்டன்களை முழுதாக உள்ளே தள்ளுங்கள், அந்த மாடலுக்கான பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்கள், அதற்குப் பிறகு ஆயில் ஏற்றுங்கள். காலிப்பரையும் குழாயையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டியிருக்கும் குமிழ்கள் மேலே வரும். பேட்டைத் துணியில் சுற்றி வேறு மேசையில் வையுங்கள். ஒரு சொட்டு ஆயில் போதும் அதைக் கெடுக்க.

பேட், ரோட்டர்

பேட்டில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ரெசின் (பிசின்) பேட் சத்தமில்லாதது, உடனே கடிக்கும், சூட்டைக் காலிப்பருக்குக் குறைவாகக் கடத்தும். ஆனால் கொதிச் சூட்டில் முதலில் தளரும், மழையும் மண்ணும் சேர்ந்தால் மிக வேகமாகத் தேயும். மெட்டல் பேட் சூட்டையும் மழையையும் தாங்கும். ஈரத்தில் கத்தும், சூட்டைப் பிஸ்டனுக்கு அதிகம் கடத்தும். பிற்பகல் இடிமழை நிச்சயம் என்று சொல்லத்தக்க மலேசிய மலைகளுக்கு, எடை 80 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு, நான் மெட்டல் பேட்டையே சொல்வேன். கூடவே ஆயிலும் புதிதாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த ஷிமானோ ரோட்டர்களின் மேல் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். அந்த எஃகு மென்மையானது. அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டரைச் சீக்கிரமே தின்றுவிடும். பேட் வாங்கக் கிளம்பும் முன் ரோட்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பேட் மெலிந்தால் இரட்டை நட்டம். தேய இடம் இல்லை என்பது ஒன்று. பேட்டின் உராய்வுப் பகுதியே சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு என்பதால், அது மெலிய மெலிய ஆயில் சீக்கிரம் சூடாகும் என்பது மற்றொன்று. ஷிமானோ 0.5 மி.மீ. வந்ததும் மாற்றச் சொல்கிறது. அது சமதளத்துக்குப் போதுமான எல்லை. மலைக்குப் போகிறவர் பாதிக்குமேல் தேய்ந்த பேட்டோடு போகாமல் இருப்பது நலம். உதிரி ஜோடி ஒன்று சட்டைப் பையில் இடம் அடைக்காது.

ரோட்டரில் ஷிமானோவுக்குப் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5 வந்தால் மாற்ற வேண்டும். ஸ்ராமின் 1.85 மி.மீ. ரோட்டருக்கு எல்லை 1.55. விளிம்பில் தேயாத கரை நிற்கும் என்பதால் அங்கே அளந்தால் ஏமாற்றும். பேட் உரசும் பட்டையின் நடுவில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஷிமானோவின் மேல்தர ரோட்டர்களில் நடுவில் அலுமினியமும் இருபுறமும் ஸ்டீலும் இருக்கும். அலுமினியம் சூட்டை விரைவாகப் பரப்பும். அவற்றில் எல்லை தாண்டித் தேய்த்தால் ஸ்டீல் போய் அலுமினியம் வெளிவரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, முன்னால் 140 இருந்தால் 160க்கு மாறுங்கள். சட்டகமும் ஃபோர்க்கும் அனுமதித்தால் கனமானவர்கள் 180 போடலாம். எடையும் பரப்பும் கூடும், அதே பிடிக்கு லீவரில் குறைந்த அழுத்தம் போதும். ஃபோர்க்கில் குறிப்பிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஆறு திருகு ரோட்டருக்கு டி25 (நட்சத்திர முனை) சாவி. ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் இறுக்கம் சொல்கிறது, ஸ்ராம் 6.2. நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் வகைக்கு 40 நியூட்டன் மீட்டர்.

ரோட்டர் நிறம் மாறியிருந்தால் அதையும் படிக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெளிர் மஞ்சள் தோன்றவே ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். நீலம் வந்திருந்தால் அதைவிட வெகு அதிகம் போயிருக்கிறது. நேராக இருந்து, தடிமனும் சரியாக இருந்தால் மஞ்சளுக்காக மாற்ற வேண்டாம். நீலம் பூத்த ரோட்டரையும் அதோடு வேலை செய்த பேட்டையும் ஆயிலையும் சேர்த்தே மாற்றுவேன்.

பழக்குவது

புதுப் பேட் போட்டுவிட்டு நேரே மலைக்குப் போகாதீர்கள். பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் ரோட்டரில் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு கிடைக்கும். 20 கி.மீ. வேகம் எடுத்து, இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து நடைவேகத்துக்கு இறக்குங்கள். முழுதாக நிறுத்தாமல் விடுங்கள். இப்படி 20 முறை. பிறகு 30 கி.மீ. வேகத்திலிருந்து 10 முறை, கொஞ்சம் அழுத்தமாக. சக்கரம் பூட்டக் கூடாது; பூட்டினால் அந்த இடத்தில் படலம் திட்டாக ஒட்டி அதிர்வு வரும். பூங்கா இணைப்புப் பாதையில் இது சரிவராது, அங்கே வேக வரம்பே 25 கி.மீ.; குழந்தைகளும் நடப்பார்கள். ஞாயிறு அதிகாலையில் துவாஸ் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாக இருக்கும், அங்கே செய்யலாம். முடித்த கையோடு மவுண்ட் ஃபேபரில் சில முறை ஏறி இறங்கினால் பேட்டுக்குக் கொஞ்சம் உண்மையான சூடும் பழகிவிடும்.

வேனில் ஏற்றிய பிறகு

சக்கரத்தைக் கழற்றியதும் பேட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தகட்டைச் செருகுங்கள். யாராவது தெரியாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து பேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். மலையடிவாரத்தில் அதைப் பிரிக்கப் போராட வேண்டியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகவோ படுக்கவைத்தோ கொண்டுபோயிருந்தால் தொட்டியில் இருந்த காற்று குழாய்க்குள் நகர்ந்திருக்கலாம். நிமிர்த்தி வைத்து, சில நிமிடம் விட்டு, லீவரை இருபது முறை மெதுவாக அழுத்தி விடுங்கள். பிறகு உறுதியாகப் பிடித்துப் பத்து விநாடி நிறுத்திப் பாருங்கள். மெல்ல உள்ளே நழுவினால் எங்கோ கசிவோ காற்றோ இருக்கிறது; அந்தச் சைக்கிள் அன்று மலை இறங்கக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றி ரோட்டர் உரசுகிறதா என்று கேளுங்கள். உரசினால் காலிப்பரின் இரண்டு திருகுகளையும் சற்றுத் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே மறுபடி இறுக்குங்கள். ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் ஒருமுறை பாருங்கள். வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிய சைக்கிளில் அது நீங்கள் பழகியதற்கு நேரெதிராக இருக்கலாம்.

இறங்கி முடித்ததும் ரோட்டர் நன்றாக ஆறிய பிறகு பேட்டின் தடிமனைப் பாருங்கள், சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் இருக்கிறதா பாருங்கள், லீவர் காலையில் கடித்த இடத்திலேயே கடிக்கிறதா என்று பாருங்கள். சிறு கோணல் ஆறும்போது தானாகவே நேராகிவிடும், அவசரப்பட்டு வளைக்க வேண்டாம். மழையில் இறங்கியிருந்தால் சுத்தமான தண்ணீரால் மண்ணைக் கழுவி, ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். சங்கிலிக்கு ஸ்ப்ரே ஆயில் அடிப்பதாக இருந்தால் அதற்குமுன் பின்சக்கரத்தின் ரோட்டரைத் துணியால் மூடிவிடுங்கள்.